சங்கு முளைத்த பூதம்

அத்தியாயம் 4

பதினோராவது தடவையாகப் பூதம் கடலிலிருந்து எழுந்தது.

முதுகெல்லாம் சங்கு. வாயோரம் ஜவ்வரிசிக் கஞ்சியில் செய்த எச்சில். ஒரு கையில் ஐந்து நகம், இன்னொரு கையில் மூன்றே நகம். அந்த மூன்று நகக் கையால் படகின் கயிற்றைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டியது. படகு கவிழ்ந்தது. மொத்தம் ஐம்பத்திரண்டு நொடி.

"இன்னொரு மட்டம் போடுளா," என்றாள் ஹில்டா மச்சாது, எதிரே நின்ற பெண்ணிடம்.

செந்தில்முருகன் கொட்டாவி விட்டான். ஆளை விழுங்கும் பூதத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்ட முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று அவனுக்கே தோன்றியது.

"ஏலே, தூங்குதியா?"

"இல்லக்கா. சஸ்பென்ஸ் தாங்கல. அதான் கண்ண மூடிக்கிட்டேன்."

ஹில்டா பதினெட்டு வருடம் துறைமுகத்தில் கப்பல் சரக்குக் காகிதங்களோடு மல்லுக்கட்டியவள். பொய்யான பில் அவள் மேஜைக்கு வந்தால் மோப்பத்திலேயே பிடித்துவிடுவாள். அந்த மோப்பத்தை நம்பித்தான் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். விளாத்திகுளம் கரிசல் காட்டிலிருந்து வந்த செந்தில்முருகன் அவளுக்கு உதவியாள், டிரைவர், வாய்த்துணை எல்லாம். கடலுக்கும் அவனுக்கும் உள்ள உறவு பொரித்த மீனோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை. தூத்துக்குடி பவளம் தியேட்டரின் மேனேஜர் அறை. மதியம் இரண்டரைக்கு இந்தத் தியேட்டரில் 'பன்னிரண்டு பாகம்' படம் வெளியாக வேண்டும். பாகம் என்பது கடற்காரர்கள் ஆழம் அளக்கும் கணக்கு. பன்னிரண்டு பாக ஆழத்தில் கிடக்கும் முத்துச்சிப்பிகள் மேல் ரசாயனக் கழிவு இறங்கி, எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே உடம்பாகி எழுந்து வருவதுதான் கதை. பாதி பேய்ப்படம், பாதி விஞ்ஞானப் படம். விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம் ஓர் ஐஸ் கம்பெனி. நீர்மூழ்கிக் கப்பல், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. கேமரா, கல்யாண ஸ்டூடியோவில் இரவல். இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். தண்ணீர்த் தொட்டிக்குள் ஆறு மணி நேரம் குந்தியிருந்து ஒரு காட்சி எடுக்க அவர்களுக்கு முதுகு இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

அப்படிக் குந்தியிருந்து எடுத்தவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். ரேச்சல், சாயர்புரத்துக்காரி, இருபத்தாறு வயது, மூன்று நாளாகத் தூங்காத கண்.

"நேத்துதான்க்கா லெட்டர் வந்தது. சென்னையில நவகோடி பிக்சர்ஸாம். பூதம் அவங்களுதாம். போன டிசம்பர்லயே அவங்க சேனல்ல ஏத்திட்டாங்களாம். இந்தா ஓடுதே, இதுதான் அவங்க வீடியோ. நான் டிரெய்லர் விட்டது பிப்ரவரியில. அதனால நான் திருடியாம். ரெண்டரை மணிக்குள்ள 'பூதம் உங்க சொத்து'ன்னு கையெழுத்துப் போடணுமாம். இல்லன்னா படம் வராதாம்."

"நீ எடுத்ததும் இதும் ஒண்ணுபோல இருக்கா?"

"அச்சு அசல். ஆனா என் ஷாட்ல படகு இடப்பக்கம் நிக்கும், இதுல வலப்பக்கம். நான் நீலமா எடுத்தேன், இது பச்சை. என் ஷாட்ட பாத்து மறுபடி எடுத்திருக்காங்க."

"டிசம்பருக்கு முன்னால நீ வெளிய விடாத ஷாட்ட எப்படிப் பாத்தாவ?"

ரேச்சல் உதட்டைக் கடித்தாள். "அதுதான் புரியல. என் லேப்டாப்ப விட்டு அது வெளிய போனது ஒரே தடவ. நவம்பர்ல இங்கன பெரிய திரையில போட்டுப் பாத்தோம், இருட்டு சரியா வருதான்னு. அவ்வளவுதான்."

மூலையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார் தியேட்டர் முதலாளி வன்னியபெருமாள். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, குரலில் பாசம்.

"ரேச்சலு, அண்ணாச்சி சொல்லுதத கேளும்மா. பெரிய இடத்து விவகாரம். கையெழுத்தப் போட்டுட்டா படத்த அவங்களே நாலு ஊர்ல ஓட்டுவாங்க. உனக்கும் நல்லது."

"என் பூதம் அண்ணாச்சி," என்றாள் ரேச்சல். "கோந்து போட்டு ஒட்டி ஒட்டி என் பத்து விரலும் வெந்து கெடந்துச்சு. நானா ஒரு எழுத்துகூட எழுதித் தரமாட்டேன். படம் ஓடலன்னாலும் தரமாட்டேன்."

இந்தப் பெண்ணின் கேஸை ஓசியில் எடுத்தாலும் தகும் என்று செந்தில்முருகன் நினைத்தான். ஓசியில்தான் எடுத்திருக்கிறார்கள் என்பது அப்புறம் ஞாபகம் வந்தது.

ஹில்டா வீடியோவை நிறுத்தினாள். பூதத்தின் முதுகைப் பெரிதாக்கினாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். அப்படி இறக்கினால் எங்கோ ஏதோ இடிக்கிறது என்று பொருள்.

"முதுகுல இருக்கது நிஜச் சங்கா?"

"நிஜம்தான்க்கா. பூதமா நடிச்சாரே மனுவேல் அண்ணன், அவரு சங்கு குளிக்கிறவரு. உடஞ்சது, புழு அரிச்சதுன்னு விலை போகாதத எல்லாம் தந்தாரு. நாப்பத்து மூணு."

ஹில்டா எழுந்தாள். "செந்திலு, வண்டிய எடு. திரேஸ்புரம்."

*

ஞாயிற்றுக்கிழமை என்பதால் திரேஸ்புரம் கரையில் படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்து, கடலுக்குள் மூச்சு விடும் ரப்பர் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தான் மனுவேல். நாற்பது வயது, பீரோ அகல மார்பு. இரண்டு நிமிடம் மூச்சடக்குவான் என்று ரேச்சல் சொல்லியிருந்தாள். பார்த்தால் இரண்டு நாள் அடக்குவான் போலிருந்தது.

வந்தவர்களுக்கு டீ வாங்கி வந்து இடது கையால் நீட்டினான். அந்தக் கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. படகில் காற்றடிக்கும் மெஷினின் பெல்ட் எடுத்துக்கொண்டதாம்.

"மனுவேல் தம்பி, ஒரு சங்கு குடுங்க," என்றாள் ஹில்டா.

சாக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தான். ஹில்டா அதை வால் மேலே இருக்கும்படி பிடித்து, செந்தில்முருகனின் மூக்குக்கு நேரே காட்டினாள்.

"வாய் எந்தப் பக்கம் இருக்கு?"

"யாருக்கு, எனக்கா?"

"சங்குக்குலே!"

"இடப்பக்கம்."

இன்னொன்று. அதுவும் இடப்பக்கம். சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அத்தனையும் இடப்பக்கம்.

"இப்ப இதப் பாரு." போனில் பூதத்தின் முதுகைக் காட்டினாள். செந்தில்முருகன் ஒவ்வொரு சங்காக விரல் வைத்துப் பார்த்தான். வலம், வலம், வலம். நாற்பத்து மூன்றும் வலம்.

மனுவேல் எட்டிப் பார்த்தான். அடுத்த நொடி அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழி கூரைக்குப் பறந்தது.

"அம்புட்டும் வலம்புரியா? ஏ மாதாவே! இருவத்திரண்டு வருசமா குளிக்கேன், ஒரு வலம்புரிய இன்னும் கையால தொட்டதில்ல. லட்சம் சங்குல ஒண்ணு வந்தா பெருசு. நாப்பத்து மூணு கெடச்சிருந்தா நான் ஏன் பூதமா நடிக்கேன்? பூதத்தயில்ல சம்பளத்துக்கு வச்சிருப்பேன்!"

செந்தில்முருகனுக்கு அப்போதுதான் மண்டையில் விளக்கு எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் இடது வலதாகும். நவகோடிக்காரர்கள் புதிதாக எதையும் எடுக்கவில்லை. ரேச்சல் எடுத்ததையே இடவலமாகத் திருப்பி, பச்சை பூசி, தேதி போட்டு ஏற்றிவிட்டார்கள். படகு பக்கம் மாறினால் யாருக்கும் தெரியாது. சங்கு பக்கம் மாறினால் இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாயர்புரத்து ரேச்சலுக்குத்தான் சங்கின் வாயைப் பார்த்துப் பழக்கமில்லை, சென்னைக்காரர்களுக்கும் இல்லை.

"முடிஞ்சுதுக்கா கேசு!" என்று குதித்தான். "டீ ஆறதுக்குள்ள முடிச்சிட்டோம்!"

ஹில்டா சிரிக்கவில்லை. "தம்பி, நீங்களும் வண்டியில ஏறுங்க," என்றாள் மனுவேலிடம்.

*

தியேட்டர் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கீழவைப்பாரிலிருந்து மட்டும் இரண்டு வேன். படப்பிடிப்புக்குப் படகு தந்தவர்கள், படத்தில் செத்தவர்கள், செத்தவர்களின் சொந்தக்காரர்கள். ஆபரேட்டர் முப்பிடாதி மாடிப்படியில் நின்று பீடியை அணைத்துக்கொண்டே அவர்களை வேடிக்கை பார்த்தான்.

மேனேஜர் அறையில் புது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிவசுப்பிரமணியன், நவகோடி பிக்சர்ஸின் மேனேஜர், காலை விமானத்தில் வந்து இறங்கியவர். காலடியில் சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு பெட்டி.

ஹில்டா சங்கு விஷயத்தைச் சொன்னாள். இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். லெட்டர் வந்ததற்குப் பிறகு முதல் தடவையாக ரேச்சல் முகத்தில் ரத்தம் ஓடியது.

சிவசுப்பிரமணியன் கைதட்டினார்.

"பிரமாதம் மேடம். ஒண்ண இடவலமாத் திருப்பினா இன்னொண்ணு. ஒத்துக்கறேன். ஆனா யார் யாருடையதத் திருப்பினாங்க? நாங்க டிசம்பர்ல போட்டோம். இந்தப் பொண்ணு அதை எடுத்து, திருப்பி, நீலம் அடிச்சு பிப்ரவரியில விட்டிருக்கலாம் இல்லையா?"

"நாப்பத்து மூணு வலம்புரிக்கு எங்கன போனிய?" என்று எகிறினான் செந்தில்முருகன்.

"எதுக்கு சார் நிஜச் சங்கு? ஃபைபர்ல செஞ்சோம்."

பெட்டியைத் திறந்தார். உள்ளே பூதம் படுத்திருந்தது. முழு உடுப்பு, தலையோடு, நகத்தோடு. முதுகில் ஃபைபர் சங்குகள், அத்தனையும் வாய் வலப்பக்கம். சென்னை வீடியோவில் இருந்தபடியே, இம்மி பிசகாமல்.

"எங்க பூதம் இதோ இருக்கு. உங்க பூதம் எங்கம்மா?"

ரேச்சலின் குரல் இறங்கிப்போனது. "கடல்ல. கடைசி ஷாட்ல அண்ணன் தண்ணிக்குள்ளயே கழத்தி விட்டாரு. நீரோட்டத்துல போயிருச்சு."

"ஒரிஜினல் மெமரி கார்டு?"

"கார்டும் இரவல். மறுநாள் முகூர்த்தம் இருந்துச்சு. லேப்டாப்ல ஏத்திட்டு கார்ட அழிச்சுக் குடுத்துட்டோம்."

"ஆக, பூதத்தை அழிச்சுட்டு அதுல கல்யாணம் எடுத்தீங்க." அவர் பேனாவை நீட்டினார். "மணி ஒண்ணு அம்பது. கையெழுத்துப் போடும்மா. 'நன்றி' கார்டுல உன் பேரும் வரும்."

வன்னியபெருமாள் கூரையைப் பார்த்தார். சங்கை நம்பி வந்தோம், சங்கு ஊதிவிட்டார்களே என்று செந்தில்முருகன் நொந்துகொண்டான்.

ரேச்சல் பேனாவை வாங்கினாள். அதன் மூடியைப் போட்டாள். மேஜையில் வைத்தாள்.

"உங்க நன்றிய நீங்களே வச்சுக்கோங்க சார்."

ஹில்டா இதற்காகவே காத்திருந்தவள் போல் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "சார், இந்த உடுப்பப் போட்டுத்தான் உங்க வீடியோவ எடுத்தியளோ?"

"ஆமா. இதே சூட்."

"வேற இல்லையே?"

"இது ஒண்ணுதான்."

"செந்திலு, சட்டையக் கழத்து."

"அக்கா, பொம்பளப்புள்ளைய இருக்காவ."

"போடுலே பூதத்த!"

விளாத்திகுளத்து வாலிபன் பூதமாக மாறுவதற்கு ஆறு நிமிடம் பிடித்தது. கால் நுழைந்தது. வயிறு கொஞ்சம் யோசித்துவிட்டு நுழைந்தது. இடது கை வழுக்கிக்கொண்டு போய் ஐந்து நகத்திலும் ஐந்து விரல் உட்கார்ந்தது. வலது கையை விட்டான். மணிக்கட்டு வரை போனது. அதற்கு மேல் போகவில்லை.

"அக்கா, கை உள்ள போக மாட்டேங்கு."

"தள்ளுலே."

"தள்ளுதேன். மூணு விரலுக்குத்தான் இடம் இருக்கு. மீதி ரெண்டையும் என்ன செய்ய? வீட்டுல வச்சிட்டு வரவா?"

"அது டிசைன்," என்றார் சிவசுப்பிரமணியன். "பூதத்துக்கு அந்தக் கையில மூணு விரல்."

"பூதத்துக்கு மூணு சரி சார். உள்ள இருக்க மனுசனுக்கு?" ஹில்டா வீடியோவை ஓடவிட்டாள். "இந்தா, இந்தக் கைதான் கயித்தப் பிடிக்கு. சும்மா தொங்கல. ஒவ்வொரு விரலா மடங்கி, இறுக்கி, சுண்டி இழுக்கு. உங்க உடுப்புல அந்தக் கைக்குள்ள எந்த மனுசன் கையும் போவாது. போவணும்னா வலது கையில ரெண்டு விரல் இல்லாதவனா இருக்கணும். உங்க நடிகரக் கூப்பிடுங்க. ஒரு போன் போடுங்க, நான் காத்திருக்கேன்."

சிவசுப்பிரமணியன் போனை எடுத்தார். யாரை அழைப்பது என்று தெரியாமல் திரும்பப் பையில் போட்டார்.

"உங்க ஆளு கிடைக்கல போல," என்றாள் ஹில்டா. "எங்க ஆளு இங்கன நிக்கான்."

மனுவேல் முன்னால் வந்தான். இடது கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே விரித்தான். மூன்று விரல்.

"இந்தப் புள்ள என் கைக்கு அளவெடுத்துத் தச்சுது சார். ரெண்டு விரல் இல்லையேன்னு நான் வெக்கப்பட்டேன். அதனாலதான்ணே பூதத்தப் பாத்தா பயமே வருதுன்னு சொல்லிச்சு. இடக்கைய வலக்கையாத் திருப்பிப் போட்டியளே, கைக்குள்ள யாரு இருக்கான்னு பாக்கலியே."

"திங்கட்கிழமை கோர்ட்டுல பேசிக்கலாம்," என்றார் சிவசுப்பிரமணியன். குரலில் விமானம் இறங்கிவிட்டது.

"பேசுவோம். பூதத்தையும் மறக்காமக் கூட்டிட்டு வாங்க. ஜட்ஜ் ஐயாவும் ஒருக்கா கைய விட்டுப் பாக்கட்டும்."

அவர் வெளியே நழுவினார். பெட்டி காலியாகக் கிடந்தது. பூதம் செந்தில்முருகனைக் கழற்றிவிட மறுத்தது. இழுத்த இழுப்பில் முதுகு ஜிப் பிய்ந்திருந்தது.

ஹில்டா உட்காரவில்லை. "ஒண்ணு பாக்கி. ஷாட்டு நவம்பர்ல ஒரே ஒரு நாள் இந்தத் தியேட்டருக்கு வந்துச்சு. டிசம்பர்ல சென்னையில இருந்துச்சு. நடுவுல கொண்டு போனது யாரு?"

கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது. முப்பிடாதி. எப்போது இறங்கி வந்தான் என்று தெரியவில்லை.

"நான்தான் பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்தேன். மொதலாளி கேட்டாவ. தனியாப் பாக்கணும்னு சொன்னாவ."

எல்லோரும் வன்னியபெருமாளைப் பார்த்தார்கள். டீ ஆற்றிக் கொடுத்த கை, பாசமாகப் பேசிய வாய்.

அவர் மறுக்கவில்லை. "ஆமா, குடுத்தேன். ஒன்றரை வருசமா பெரிய படம் ஒண்ணுகூட என் தியேட்டருக்கு வரல. எல்லாம் மால் தியேட்டருக்குப் போவுது. நவகோடிதான் இந்தப் பக்கம் படம் பிரிச்சுக் குடுக்கவன். புதுசா ஏதாச்சும் சரக்கு இருந்தாக் காட்டு, உனக்குப் பெரிய படம் தாரேன்னான். காட்டினேன். அவன் இப்படிச் செய்வான்னு எனக்குத் தெரியாது."

"நேத்து தெரிஞ்சுதுல்லா அண்ணாச்சி?" என்றாள் ரேச்சல். "தெரிஞ்சும்தானே கையெழுத்துப் போடுன்னு சொன்னிய?"

கேள்வி அவரைச் சுட்டது. சுட்டவுடன் முகத்திலிருந்த பாசம் கழன்று விழுந்தது.

"நீங்க ஜெயிச்சிட்டிய, சந்தோசம். ஆனா தியேட்டர் என்னது. இவளுக்குப் படம் போட்டேன்னு தெரிஞ்சா நவகோடி இனி ஒரு பெட்டிகூட அனுப்ப மாட்டான். இன்னிக்கு ஷோ கிடையாது. டிக்கெட்ட எல்லாம் திருப்பிக் குடுத்திருதேன். முப்பிடாதி, மெஷின அணைச்சிரு."

முப்பிடாதி தலையாட்டிவிட்டுப் படியேறிப் போனான்.

செந்தில்முருகனுக்குப் பொறுக்கவில்லை. பூத உடுப்போடேயே ஒரு கையை ஆட்டிச் சண்டைக்குப் போனான். ஹில்டா சட்டம் பேசினாள். மனுவேல் சட்டம் இல்லாததையும் பேசினான். வன்னியபெருமாள் எதற்கும் அசையவில்லை.

சரியாக இரண்டரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நானூறு பேர் ஒன்றாக விசிலடித்தார்கள். பின்னாலேயே கடல் இரைச்சல், அரங்கம் அதிர.

"படம் ஓடுது!" என்றாள் ரேச்சல். அவளுக்கே நம்பிக்கை இல்லை.

வன்னியபெருமாள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். எல்லோரும் பின்னால் ஓடினார்கள். ஆபரேட்டர் ரூம் கதவு உள்ளே தாழ்.

"ஏலே முப்பிடாதி! தொறலே கதவ!"

உள்ளிருந்து நிதானமாகப் பதில் வந்தது.

"இருவத்தெட்டு வருசமா நீங்க சொன்ன படத்தயெல்லாம் ஓட்டினேன் மொதலாளி. ஒரு தடவகூட எனக்கு என்ன படம் பிடிக்கும்னு நீங்க கேக்கல. நவம்பர்ல இந்தப் புள்ள படத்தப் பாத்து நான் பயந்தேன். இந்தக் கண்ணாடி வழியா ஆயிரம் படம் பாத்தவன் பயந்தேன். அதத் திருடிக் குடுத்ததும் என் கைதான். ரெண்டு மணி நேரம் அஞ்சு நிமிசம் ஓடுத படம். முடிஞ்சதும் நானே கதவத் தொறக்கேன். அப்புறம் என்னைய வேலைய விட்டு அனுப்புங்க."

வன்னியபெருமாளுக்கு மூச்சு வாங்கியது. "கீழ மெயின் சுவிட்ச் இருக்குலே!" என்று கத்திவிட்டுத் திரும்பினார். திரும்பியவர் நின்றார்.

குறுகலான படி. முதல் படியில் ரேச்சல் உட்கார்ந்துவிட்டாள். அடுத்ததில் மனுவேல். அதற்குக் கீழே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஹில்டா. கடைசியில், படியை முழுசாக அடைத்துக்கொண்டு, அரைப் பூதமாகச் செந்தில்முருகன்.

"வழிய விடு," என்றார் வன்னியபெருமாள்.

"முடியாது அண்ணாச்சி," என்றாள் ரேச்சல். "படம் முடியட்டும்."

யாரும் நகரவில்லை. உள்ளே, முதல் ரீலிலேயே, கீழவைப்பார் மொத்தமும் வீலென்று அலறியது. ரேச்சல் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அலறலைக் கேட்கத்தான் அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள்.